ஈப்போவில் வாங்கிய பெட்டி

பஸ் தட்டிலிருந்து டுரியான் மூட்டை ஒன்று நழுவி, சாரின் துணிப்பை மேல் விழுந்தது. பைக்குள் கம்ப்யூட்டர். மூட்டைக்காரர் ஒரு மலாய்ப் பெரியவர். பதறி எழுந்தவர் மூட்டையைத்தான் தடவிப் பார்த்தார். "நல்லவேளை, பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை" என்றாராம். சார் பிறகு எனக்குத் தமிழில் சொன்னார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

நான் அப்போது சிங்கப்பூரில் ஓர் இயந்திரக் கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்தேன். போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை. ஊர் முசிறிப் பக்கம். படிப்பு ஐந்தாவது. சாமான் எடுத்துக் கொடுப்பது, கட்டுவது, தூக்குவது, இதுதான் வேலை. சார் அங்கே இன்ஜினியர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது மலாயாவில். அங்கே பேராக் மாநிலத்து ஆலைகளுக்குப் போய் மிஷின்களைச் சோதித்துக் கணக்குப் போடுவார். அந்தத் தடவை தூக்க ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிப்போனார்.

எண்பதுகளின் கடைசி அது. மடியில் வைத்துத் தட்டுகிற கம்ப்யூட்டர் அப்போதுதான் வந்திருந்தது. எங்கள் கம்பெனியில் ஒன்றே ஒன்று. டைப்ரைட்டருக்கு மூடி போட்டது மாதிரி இருக்கும். நல்ல கனம். பெயர்தான் மடிக் கம்ப்யூட்டர், மடியில் வைத்தால் கால் மரத்துவிடும்.

பஸ் நின்ற இடத்தில் சார் அதைத் திறந்து பார்த்தார். விளக்கு எரிந்தது. எழுத்து வந்தது. ஒரு மூலையில் மட்டும் மயிர் போலக் கீறல். அவர் விரலால் அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"துணிப்பை சரிவராது. ஈப்போவில நல்ல கெட்டிப் பெட்டி ஒண்டு வாங்கும். நான் ஏறி நிண்டாலும் நெளியப்படாது. மழைத்தண்ணி உள்ளுக்குப் போகப்படாது. விளங்குதோ?"

"சரி சார்."

மூட்டையைத் தட்டில் ஏற்றி வைத்தவன் நான்தான். பெரியவருக்கு உதவி. அதை நான் சாரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்பு மலைகள். நம் திருச்சி மலைக்கோட்டையைப் பிடுங்கி வரிசையாக நட்டு வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. ஊருக்குள் சீனர் கடைகள் அதிகம். கடை வாசலையொட்டிக் கூரை போட்ட நடைபாதை இருக்கிறது. மழை பெய்தாலும் ஊரில் பாதியை நனையாமல் சுற்றிவிடலாம். சார் ராத்திரிக்கு அவித்த கோழியும் தவ்கேயும் சாப்பிடக் கூட்டிப்போனார். தவ்கே என்றால் முளைவிட்ட பயறு. நம் ஊரில் பயறைக் காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்போம். இங்கே கார் வைத்திருப்பவர்கள் வரிசையில் நின்று தின்கிறார்கள். எனக்குக் குச்சியால் எடுக்கத் தெரியவில்லை. கையால் தின்றேன். பக்கத்து மேஜையில் ஒரு குழந்தை என் கையையே பார்த்தது. சார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் அவருக்கு ஜெலாப்பாங்கில் ஒரு பாக்டரியில் வேலை. அங்கிருந்து பாக்டரிக் காரிலேயே பினாங்கு போகிறார். திங்கட்கிழமை காலை பாகான் டத்தோவில் ஒரு தேங்காய் எண்ணெய் மில். அங்கேதான் கம்ப்யூட்டர் வேண்டும்.

"அதுவரைக்கும் உம்மட கையில இருக்கட்டும். ஹோட்டலில வைக்கப்படாது. கையை விட்டு இறக்கப்படாது. உம்மட தமக்கை பீடோர்ப் பக்கம் எண்டீர் அல்லோ? பெட்டியை வாங்கின கையோட அங்க போய்ப் பாத்திட்டு வாரும்."

எனக்குச் சந்தோஷம்தான். சரோஜா அக்காவை மலாயாவிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினாள். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அப்பா, அம்மா போனபோதும் அவளால் வர முடியவில்லை. எங்கள் பக்கத்திலிருந்தும் ஒருவரும் போகவில்லை. அவள்தான் வருஷாவருஷம் யார் கையிலாவது சட்டைத் துணியும் தைலமும் கொடுத்தனுப்புவாள்.

கோப்பிக் கடைப் போனிலிருந்து அவள் இருக்கும் தோட்டத்து மளிகைக் கடைக்குப் பேசினேன். எடுத்தவர் தமிழர்.

"யாரு? சரோஜா தம்பியா? இந்தியாத் தம்பியா? அடடா! நாளைக்கு வாரீங்களா?" பிறகு போனை விலக்கிக்கொண்டு யாரிடமோ கத்தினார். "ஏ, ஓடிப்போயிச் சொல்லு! சரோஜாவோட தம்பி வாரானாம் லா! தாய்மாமன் வாரான்!"

அங்கே பேச்சுக்குப் பேச்சு ஒரு லா போடுவார்கள். காசு தீர்ந்து லைன் அறுந்தது. அவர் ஏன் அப்படிக் கத்தினார் என்று நான் யோசிக்கவில்லை. தோட்டத்துக்காரர்கள் பாசக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் ரொட்டி சானாய் இரண்டு, தே தாரே ஒன்று. ரொட்டி நம் பரோட்டாவுக்குத் தம்பி. தேத்தண்ணீரை ஒரு முழத்துக்கு இழுத்து ஆற்றிக் கொடுத்தான். பிறகு பெட்டிக் கடை தேடிப் போனேன்.

கடைக்காரர் வயதான சீனர். அங்கே முதலாளியைத் தௌக்கே என்பார்கள். முன்பு ஏதோ தோட்டத்தில் சில்லறைக் கடை வைத்திருந்தாராம். தமிழ் பேசினார்.

"என்னா வேணும் தம்பி? துணி வெக்கவா? பொண்ணு கல்யாணத்துக்கா?"

"கம்ப்யூட்டர் வெக்கணும் தௌக்கே."

"கொம்பியூத்தர்! பெரிய ஆளு லா நீ."

"என்னுது இல்ல."

"உன் கையிலதான இருக்கு? அப்ப உன்னுதுதான் லா. எவன் கேப்பான்."

மூன்று பெட்டி எடுத்துப் போட்டார். முதலாவது பிளாஸ்டிக். பார்க்கப் பளபளப்பு. கட்டை விரலால் நடுவில் அழுத்தினேன். உள்ளே போய் வெளியே வந்தது. இது ஆளை ஏமாற்றும். வெயிலில் கிடந்தால் வெடிக்கும். இரண்டாவது பலகைப் பெட்டி, மேலே கறுப்பு ரெக்சின், மூலைக்கு இரும்பு. சாமான் விற்க அலைகிறவர்கள் கொண்டுபோவது. மூக்கை வைத்துப் பார்த்தேன். பசை வாடை. ஒட்டுப் பலகை. இந்த ஊர் மழைக்கு ஒரு மாதத்தில் அப்பளம் மாதிரி உப்பும்.

மூன்றாவது அலுமினியம். போட்டோக்காரர்கள் கேமரா வைக்கிற மாதிரி. உடம்பெல்லாம் வரி வரியாகப் பள்ளம். வரி இருந்தால் தகடு நெளியாது. ஸ்டோரில் பார்த்திருக்கிறேன். பெட்டி எப்போதும் பிடியில்தான் சாகும். இதில் பிடியின் ஆணிக்கு உள்பக்கம் தனித் தகடு கொடுத்திருந்தார்கள். மூடி விளிம்பில் ரப்பர். ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தேன். வரவில்லை. கிழிந்தது.

"குவாட்! குவாட்!" என்று தௌக்கே அதன் மேல் ஏறி நின்றார். கெட்டி என்று அர்த்தம். இறங்கி, "நீ ஏறு" என்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கோயிலா லா இது? செருப்போட ஏறு!"

உள்ளே வைக்கக் கனமான பஞ்சுப் பாளம் ஒன்று கொடுத்தார். கம்ப்யூட்டரை அதன் மேல் வைத்துச் சாக்கட்டியால் கோடு போட்டு, அவர் வீட்டுக் காய்கறிக் கத்தியால் வெட்டிக் குழி எடுத்தேன். மிஷின் அதில் அப்படியே உட்கார்ந்தது. ஆட்டினேன். அசையவில்லை. சாவி போட்டுப் பூட்டினேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தப் பயணத்தில் பெருமை அதோடு சரி.

அக்கா வீட்டுக்கு ஒரு டின் பிஸ்கட்டும் தம்பூன் பொமெலோ இரண்டும் வாங்கினேன். பொமெலோ நம் பம்பளிமாஸ்தான், ஆனால் தலை அளவு. கையில் மிஞ்சியது பஸ்ஸுக்குத்தான்.

பீடோர் பஸ் பாதியில் நின்றுவிட்டது. மழை வேறு. கண்டக்டர் ஆண்களை இறங்கித் தள்ளச் சொன்னார். எல்லாரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன், பெட்டியோடு. ஒரு கையில் பெட்டி, ஒரு கையால் தள்ளினேன். அது தள்ளுவதில் சேர்த்தி இல்லை. ஜன்னலிலிருந்து ஒரு சீனத்து அம்மா ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. பக்கத்தில் தள்ளிய தமிழ்ப் பையனிடம் கேட்டேன்.

"அண்ணே, உள்ள பொண்டாட்டியவா வெச்சிருக்காரு, இறக்கி வெச்சா எந்திரிச்சு ஓடிருவாளான்னு கேக்குது."

நான் பெட்டியை இறக்கவில்லை. பஸ் கிளம்பும்வரை ஒற்றைக் கையாலேயே தள்ளினேன். பேன்ட் முழுக்கச் சேறு. பெட்டிக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. அதைப் பிறகு பார்த்தேன்.

பீடோரில் அக்காவின் வீட்டுக்காரர் முனியாண்டி மச்சான் மோட்டார் சைக்கிளோடு நின்றார். கப்பலில் போனபோது கிருதா வைத்திருந்தவர். இப்போது தலையில் ஒன்றும் இல்லை. முதலில் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னை.

"வாங்க மச்சான். நல்ல நாளாப் பாத்து வந்தீங்க. உங்க அக்கா ராத்திரி தூங்கவே இல்ல."

தோட்டத்துக்குள் போகும் செம்மண் பாதையில் இரண்டு பக்கமும் செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை. "முன்ன எல்லாம் ரப்பர் மச்சான். வெட்டிட்டாங்க. மரத்தச் சீவிப் பால் எடுத்தவங்கள்ல பாதிப் பேரு இப்ப ஜெலாப்பாங் பாக்டரியில நிக்கிறாங்க. என் மூத்தவனும் அங்கதான். செம்பனைக்கு இத்தன கை வேணாம் லா." காற்றில் பாதிதான் கேட்டது. நான் பெட்டியை நெஞ்சோடு கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீடுகள், லயம். அதன் வாசலில் உறுமி அடித்தார்கள்.

யாருக்குக் கல்யாணம் என்று பார்த்தேன். மோட்டார் சைக்கிள் நின்றதும் உறுமி என்னை நோக்கி வந்தது. பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். ஒருத்தி முன்னால் வந்தாள். எனக்கு முகம் தெரியவில்லை. காதில் தோடு தெரிந்தது. வெள்ளைக்கல் தோடு, இடது தோட்டில் ஒரு கல் விழுந்து அரக்கு வைத்து அடைத்தது. அப்பா முசிறியில் செய்து போட்டது. கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே அந்தக் கல் விழுந்துவிட்டது. அதை வைத்துத்தான் அக்கா என்று அறிந்தேன்.

"ராசு" என்றாள்.

அவள் பின்னால் ஐந்து வயதுப் பெண் பிள்ளை. வள்ளி. இரண்டு பையன்களுக்குப் பிறகு வெகு நாள் கழித்துப் பிறந்தவள். பட்டுப் பாவாடை கட்டியிருந்தாள். காது மூளியாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது.

எங்களில் காது குத்துவது தாய்மாமன் மடியில். தோடும் தாய்மாமன் கொண்டுவர வேண்டும். மாமன் இல்லாத இடத்தில் தாய்க்கு அண்ணன் தம்பி முறையில் ஒருவரை உட்கார வைத்துக் குத்திவிடுவதும் உண்டு. அக்கா அதற்கு ஒப்பவில்லையாம். என் தம்பி இருக்கிறான், வருவான் என்று ஐந்து வருஷம் பிள்ளையை மூளிக் காதோடு வைத்திருந்தாள். நான் வருகிறேன் என்று கடைக்கு போன் வந்ததுமே, ஞாயிற்றுக்கிழமை காலையில் சடங்கு என்று பீடோர்ப் பத்தருக்குச் சொல்லி, கோழி பிடித்து, லயம் முழுக்க அழைத்துவிட்டார்கள். தாய்மாமன் வருகிறான் என்றால் வேறு எதற்கு வருவான்? அவர்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவும் தோன்றாது.

ஒருவர் பெட்டியை வாங்கக் கை நீட்டினார். நான் விடவில்லை. அவர் இழுத்தார். நான் இழுத்தேன்.

"மாமன் குடுக்க மாட்டேங்கிறாரு லா! உள்ள தங்கக் கட்டி போல!"

"தோட்டுக்கு எதுக்குய்யா இம்மாம் பெரிய பெட்டி? ஒட்டியாணமும் இருக்கும்!"

எல்லாரும் சிரித்தார்கள். உறுமிக்காரர் வேகம் பிடித்தார். முனியாண்டி மச்சானின் தங்கை பாக்கியம் முன்னால் வந்தாள். வாட்டசாட்டமான பொம்பளை. அக்காவுக்கு நாத்தனார். பக்கத்து வீடு.

"வாங்க தம்பி, வாங்க. புள்ளைக்குப் பல்லு விழுந்து மொளைச்சப்புறம் வருவீங்கன்னு நெனச்சேன். முன்னாலயே வந்துட்டீங்க." சொல்லிக்கொண்டே பெட்டியில் சந்தனத்தை வழித்துப் பூசி, மூன்று இடத்தில் குங்குமம் வைத்தாள். வரிப் பள்ளங்களில் எல்லாம் சிவப்பு இறங்கியது. யாரோ அதற்கு ஒரு மல்லிகைச் சரம் சுற்றினார்கள்.

நான் அந்தப் பெட்டியோடு உறுமிக்குப் பின்னால் நடந்தேன். சிங்கப்பூரில் அதைத் தலையில் தூக்கச் சொன்னாலும் தூக்கியிருப்பேன். அன்று அதைப் பிடித்து நடக்க முடியவில்லை. லயத்தின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

வீட்டுக்குள் சாமி படத்துக்கு முன்னால் தாம்பாளம் வைத்து, அதன்மேல் பெட்டியை வைக்கச் சொன்னார்கள். பெட்டி தாம்பாளத்தைவிடப் பெரிசு. ஆடியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு அக்கா அடுப்படியில் தனியாக இருந்தாள். போய்ச் சொன்னேன்.

"அக்கா, அது சார் பெட்டி. உள்ள கம்பெனி மிஷின் இருக்கு. நீ சடங்கு வெச்சிருப்பேன்னு எனக்குத் தெரியாது. நான் ஒண்ணும் கொண்டு வரல."

அவள் கோழிக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"ஒண்ணுமே இல்லியா?"

"பிஸ்கட்டு. பழம்."

அவள் அடுத்த துண்டை எடுத்தாள். "எல்லார்கிட்டயும் நானே சொல்லிடறேன்" என்றேன்.

"வாய மூடு." மெதுவாகத்தான் சொன்னாள். "இருபது வருஷமா எனக்குப் பொறந்த வீடு இருக்குன்னு சொல்லிட்டுத் திரியுறேன். யாரு பாத்தா? இன்னிக்கித்தான் பாத்திருக்காங்க. போயிச் சாப்பிடு. கருவாடு வறுத்து வெச்சிருக்கேன்."

சாப்பிட்டேன். கருவாடு நம் ஊர்க் கருவாடு மாதிரி இல்லை, உப்புக் குறைவு, மேலே பச்சை மிளகாயும் வெங்காயமும். நன்றாக இருந்தது. இரண்டாம் தடவை சோறு வாங்கினேன். அப்படிப்பட்ட நேரத்திலும் எனக்குப் பசித்தது.

காலையில் அக்கா என்னைக் கூப்பிட்டு, "மிஷின எடுத்துட்டுப் பெட்டிய எனக்குக் குடு" என்றாள். என் கைலியில் கம்ப்யூட்டரைச் சுற்றி, அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தோம். கையை விட்டு இறக்கக்கூடாது என்று சார் சொல்லியிருந்தார். இறக்கினேன். அக்கா வெற்றிலையில் எதையோ மடித்து என் கையில் வைத்தாள்.

"இத உள்ள வெச்சுப் பூட்டு. பத்தர் கேக்கும்போது நீதான் தெறக்கணும்."

அவள் கையில் தேங்காய் எண்ணெய் வாடை. நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு காது மடலும் சிவந்து வீங்கியிருந்தன. இருபது வருஷம் கழற்றாத திருகு, லேசில் வராது. துவாரத்தில் தென்னை ஈர்க்குச்சி இரண்டு, நகக்கண் அளவுக்கு ஒடித்துச் செருகியிருந்தாள்.

"அக்கா..."

"தலையில பூவ எறக்கி வெச்சுக்கறேன். தெரியாது."

வெற்றிலையைப் பெட்டியில் வைத்தேன். கம்ப்யூட்டருக்கு வெட்டிய குழி. அதன் நடுவில் ஒரு வெற்றிலை மடிப்பு. பூட்டினேன்.

பத்தர் வந்தார். பீடோரில் கடை வைத்திருப்பவர். வாசலில் பாய் போட்டு என்னைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்தார்கள். வள்ளியை மடியில் வைத்தார்கள். கனமே இல்லை. நேற்று வரை யாரென்று தெரியாத ஆள் மடியில் அவள் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "மாமா, உங்க பெட்டியில பொம்ம இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்ப என்னா இருக்கு?"

"பெட்டியத் தெறங்க மாமா, எல்லாரும் பாக்கட்டும்" என்றது கூட்டம். சாவியைப் போட்டேன். சாவி இரண்டு தடவை வழுக்கியது. மூடி திறந்தது. சாம்பல் நிறப் பஞ்சில் பெரிய சதுரப் பள்ளம். அதில் ஒரு வெற்றிலை.

முன்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பள்ளம் பெருசா இருக்கு, வெத்தல சிறுசா இருக்கு" என்று பின்னால் ஒரு குரல். கொஞ்சம் சிரிப்பு.

பாக்கியம்தான் குனிந்து வெற்றிலையை எடுத்தாள். பிரித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். வெள்ளைக்கல் தோடு. இடதில் அரக்கு. பக்கத்து வீட்டில் இருபது வருஷம் அந்தத் தோட்டைப் பார்த்தவள் அவள். கல் விழுந்த தோடு என்று எத்தனை தடவை குத்திக் காட்டியிருப்பாளோ, எனக்குத் தெரியாது. அவள் தோட்டைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். அக்கா கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்ததில் பூ விலகியிருந்தது.

இதோ வரப்போகிறது என்று இருந்தேன். வள்ளியை இறுக்கிப் பிடித்தேன் போலிருக்கிறது. "வலிக்குது மாமா" என்றாள்.

பாக்கியம் கையை மூடிக்கொண்டாள்.

"என்னா பாக்குறீங்க எல்லாரும்? தங்கத்தப் பாத்ததில்லியா? முசிறித் தங்கம். மாமன் கடல் தாண்டிக் கொண்டாந்திருக்காரு. கண்ணு வெக்காதீங்க." மூடின கையைப் பத்தர் கையில் கவிழ்த்தாள். "யோவ், சீக்கிரம் குத்து. நல்ல நேரம் போவுது." பிறகு அக்காவிடம் போய், "என்னா அண்ணி, பூவ ஒழுங்கா வெக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று அதட்டி, தன் தலையிலிருந்த சரத்தையும் எடுத்து அக்காவின் இரண்டு காதையும் மூடி வைத்துவிட்டாள். அதட்டலைக் கேட்டுப் பெண்கள் சிரித்தார்கள். எப்போதும் நடக்கிற நாத்தனார் சண்டை என்று நினைத்திருப்பார்கள்.

பத்தர் முதலில் தங்க ஊசியால் குத்தினார். வள்ளி போட்ட சத்தத்தில் உறுமி கேட்கவில்லை. தோடு அந்தச் சின்னக் காதுக்குப் பெரிசு. முடிந்ததும் எல்லாரும் வந்து எனக்குத் திருநீறு பூசினார்கள். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பின்னா இப்படி இருக்கணும்யா" என்றார். முனியாண்டி மச்சான் காலிப் பெட்டி மேல் ஒரு பையனை ஏற்றி நிறுத்தி, "பாருங்க, நெளியுதா? சிங்கப்பூர்ப் பெட்டி லா!" என்று எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். ஈப்போப் பெட்டி என்று நான் திருத்தவில்லை.

சாப்பாடு கோழிக் குழம்பு, தயிர், அப்பளம், என் பொமெலோ. பொமெலோவை உரித்துச் சுளை சுளையாக எல்லா இலைக்கும் வைத்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த பழம் என்று ஒருவர் சொன்னார். அது ஈப்போவுக்குப் பக்கத்தில் விளைவது, எல்லாருக்கும் தெரியும். இருந்தும் ஆமாம் ஆமாம் என்று தின்றார்கள்.

கை கழுவும் இடத்தில் பாக்கியம் தண்ணீர் ஊற்றினாள். யாரும் பக்கத்தில் இல்லை.

"தம்பி."

"சொல்லுங்கக்கா."

"அடுத்த தடவ வரும்போது புள்ளைக்கு ஒண்ணும் வாங்க வேணாம். எங்க அண்ணி காதுக்கு வாங்கிட்டு வா."

"சரிக்கா."

"பெட்டி வேணாம். சட்டப் பையில போட்டுட்டு வா, போதும்." மீதித் தண்ணீரையும் என் கையில் ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் விடியும்போது கம்ப்யூட்டரைப் பெட்டிக் குழியில் திரும்ப வைத்துப் பூட்டிக் கிளம்பினேன். அக்கா வழிக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். துணியை நனைத்துப் பெட்டியில் இருந்த குங்குமத்தைத் துடைத்தாள். பள்ளங்களில் போகவில்லை. "அந்த சாரு வைய மாட்டாரே?" என்று கேட்டாள். அதுதான் அவளுக்குக் கவலை. வள்ளி தூக்கத்தில் இருந்தாள். காதில் மஞ்சள் பத்துப் போட்டிருந்தது. அக்கா காதில் ஈர்க்குச்சி அப்படியே இருந்தது.

பாகான் டத்தோவில் தரை தட்டை. எங்கே பார்த்தாலும் தென்னை. கடல் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் தெரியாது, வாடைதான் வரும். சார் மில் ஆபீஸில் காத்திருந்தார். பெட்டியை வாங்கி மேஜையில் வைத்துத் தட்டிப் பார்த்தார். பிடியை ஆட்டினார். ஓரத்தில் விரலை ஓட்டினார். விரலில் சிவப்பு ஒட்டியது.

"இதென்ன?"

"புதுப் பெட்டின்னு பூசை போட்டாங்க சார்."

சிரித்தார். "உங்கட ஆக்கள் எதுக்கும் பூசை போடுவினம்." திறந்து கம்ப்யூட்டரை எடுத்தார். விளக்கு எரிந்தது. பள்ளத்தில் காய்ந்த வெற்றிலைக் காம்பு ஒன்று கிடந்தது. அதை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டார்.

"நல்ல பெட்டி. நல்லாத் தெரிஞ்செடுத்திருக்கிறீர். தமக்கை சுகமோ? சந்தோஷப்பட்டிருப்பா என்ன?"

"ஆமா சார்."

வேலை முடியும்வரை என்னை வெளியே இருக்கச் சொன்னார். நிழல் தேடி மில் முற்றத்துக்குப் போனேன். அங்கே ஏழெட்டுப் பெண்கள் தென்னை ஓலையைக் கிழித்து ஈர்க்கு உருவி, விளக்குமாறு கட்டிக்கொண்டிருந்தார்கள். மடி நிறைய ஈர்க்கு. பக்கத்தில் குவியல் குவியலாக ஈர்க்கு. ஒருத்தி தமிழ்தான். "அண்ணே, இப்படி நெழலுக்கு வாங்க, அங்க வெயிலு" என்று இடம் ஒதுக்கினாள்.

பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வெயிலுக்குப் போனேன். அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அக்கா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைப் பிரித்தேன்.